பட்டியலில் பதினோராம் இடம்: விட வேண்டியது நடையையா, போட்டியையா?

கேள்வி: எனக்கு 44 வயது. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. தனியாக நடைப்பயிற்சி தொடங்கினால் மூன்று வாரத்தைத் தாண்டியதே இல்லை. நான்கு மாதத்துக்கு முன் அலுவலகத்தில் 14 பேர் சேர்ந்து, யார் தினமும் அதிக ஸ்டெப் நடக்கிறார்கள் என்று செல்போன் செயலியில் ஒரு போட்டி தொடங்கினோம். முதல் மாதம் எனக்கே நம்ப முடியவில்லை. மழையிலும் நடந்தேன். தினமும் 4,000 ஸ்டெப்பாக இருந்தது 9,000-க்குப் போனது. அப்புறம் இளைஞர்கள் இருவர் தினமும் 20,000-ஐத் தாண்ட ஆரம்பித்தார்கள். நான் பதினோராம் இடத்துக்கு இறங்கிவிட்டேன். அவர்களைப் பிடிக்க இரவு சாப்பாட்டுக்குப் பிறகும் நடந்து பார்த்தேன். முழங்கால் வலிதான் மிச்சம். இப்போது செயலியைத் திறக்கவே பிடிக்கவில்லை; நடையும் நின்றுவிட்டது. மனைவி தன்னோடு நடக்கக் கூப்பிடுகிறார். ஆனால் அவர் மெதுவாகத்தான் நடப்பார், எனக்கு அது பயிற்சியாகவே இருக்காது. போட்டி எனக்கு ஒத்துவராத விஷயமா? இல்லை, எனக்குத்தான் மன உறுதி போதவில்லையா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். மன உறுதி இல்லாதவர் மழையில் நடக்க மாட்டார். அன்று நடந்ததும் இன்று நிறுத்தியிருப்பதும் ஒரே ஆள்தான். நடுவில் உங்கள் குணம் மாறவில்லை, போட்டிதான் மாறிவிட்டது. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நாலு பேர் இருந்தவரை அது உங்களை இழுத்தது. இரண்டு பேர் எட்டாத தூரத்துக்குப் போனதும் அதே போட்டி உங்களை வெளியே தள்ளிவிட்டது.

எனவே போட்டியை விட வேண்டாம். எதிராளியை மாற்றுங்கள், எதை வைத்து ஜெயிப்பது என்பதையும் மாற்றுங்கள். மனைவியோடு நடப்பதைத் தோற்றவர்களுக்கான ஆறுதல் பரிசு மாதிரி நினைத்திருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. அதையும் சற்று விளக்கமாகப் பேச வேண்டியிருக்கிறது.

பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் உடம்பு கொஞ்சம் கூடுதலாக உழைக்கும் என்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1898-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். சைக்கிள் பந்தயங்களின் நேரக்கணக்கைப் புரட்டிப் பார்த்தவர், தனியாகக் கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடுகிறவர்களைவிட மற்றவர்களோடு சேர்ந்து ஓட்டுகிறவர்கள் வேகமாக முடிப்பதைக் கவனித்தார். முன்னால் ஒருவர் போவதால் காற்றுத் தடை குறைகிறது, அதுதான் காரணமோ என்று சந்தேகம் வரும். அதனால் காற்றுக்கு வேலையே இல்லாத ஒரு சோதனையை வைத்தார். 40 குழந்தைகளிடம் மீன்பிடித் தூண்டிலின் கைராட்டையைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார். சில முறை தனியாக, சில முறை பக்கத்தில் இன்னொரு குழந்தையோடு. ஆள் இருந்தபோது 20 பேர் வேகமாகச் சுற்றினார்கள். 10 பேரிடம் பெரிய வித்தியாசம் இல்லை. மீதி 10 பேர் பதற்றத்தில் இன்னும் மோசமாகச் சுற்றினார்கள்.

எங்கே பார்த்தாலும் அந்த முதல் 20 பேரைப் பற்றித்தான் பேசுவார்கள். இயன்முறை மருத்துவராக எனக்கு முக்கியம் கடைசிப் பத்துப் பேர். போட்டி போட்டு வலியோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த வகைதான். இரவு பத்து மணிக்கு எண்ணிக்கையை நிரப்ப நடந்தபோது நீங்களும் அந்தப் பத்தில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

யார் எப்போது எந்தப் பக்கம் சாய்வார் என்பதற்குப் பிற்கால ஆய்வுகள் ஓரளவு விடை சொன்னன. நன்றாகப் பழகிய வேலையை மற்றவர்கள் முன்னால் நாம் இன்னும் நன்றாகச் செய்வோம். பழகாத, சிக்கலான வேலையில் தடுமாறுவோம். 1969-ல் வெளியான ஓர் ஆய்வில் கரப்பான்பூச்சிகளிடம்கூட இது தெரிந்தது. கூட இன்னொரு கரப்பான் இருந்தபோது நேர்ப்பாதையில் அவை வேகமாக ஓடின, வளைந்து திரும்ப வேண்டிய பாதையில் தாமதமாயின. நடை உங்களுக்கு ஒரு வயதிலேயே பழகிவிட்ட வேலை. அதில் தாராளமாகப் போட்டி போடலாம். ஆனால் நாளைக்கே நண்பர்களோடு ஜிம்முக்குப் போய் எடை தூக்கக் கற்றுக்கொள்கிறீர்கள் என்றால், முறை சரியாகப் பிடிபடும்வரை அங்கே போட்டி வேண்டாம். முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிற கூட்டம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

இப்போது உங்கள் போட்டி எங்கே கெட்டுப்போனது என்று பார்ப்போம்.

2019-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு ஏறக்குறைய உங்கள் நிலைமையேதான். அலுவலக வேலை பார்க்கும், உடல் எடை அதிகமுள்ள 602 பேர். 24 வாரம் ஸ்டெப் கணக்கை ஒரு விளையாட்டாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் குடும்பத்தார் அல்லது நண்பர் ஒருவரின் ஊக்கம், இன்னொரு பிரிவுக்குக் குழுவாகச் சேர்ந்து இலக்கை எட்டும் ஏற்பாடு, மூன்றாவது பிரிவுக்குப் போட்டி. விளையாட்டே இல்லாமல் ஸ்டெப்பை மட்டும் அளந்தவர்களோடு ஒப்பிட்டால் எல்லாப் பிரிவினரும் அதிகம் நடந்தார்கள். போட்டிப் பிரிவுதான் முதலிடம், ஒரு நாளைக்குச் சராசரியாக 920 ஸ்டெப் கூடுதல். விளையாட்டை நிறுத்திவிட்டு அடுத்த 12 வாரம் கவனித்தபோது, சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் போட்டிப் பிரிவில் மட்டுமே மிஞ்சியிருந்தது.

ஆக, போட்டி உங்களுக்கு ஒத்துவராது என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். ஆனால் அவர்கள் அதை எப்படி அமைத்தார்கள் என்பதில்தான் சூட்சுமம். ஒரு குழுவில் 14 பேர் இல்லை, மூன்றே பேர். பட்டியலில் வரிசைப்படுத்தியது ஸ்டெப்பை அல்ல, புள்ளிகளை. ஒவ்வொருவரும் தன் பழைய சராசரியைப் பார்த்துத் தனக்கென்று ஓர் இலக்கு வைத்துக்கொண்டார்கள். வாரம் பிறந்ததும் எல்லார் கணக்கிலும் 70 புள்ளி. இலக்கைத் தவறவிட்ட ஒவ்வொரு நாளுக்கும் 10 புள்ளி போய்விடும். 6,000-ஐ இலக்காக வைத்தவர் 6,000 நடந்தால் புள்ளி அப்படியே இருக்கும். 15,000-ஐ இலக்காக வைத்தவர் 12,000 நடந்தால் 10 புள்ளி அவுட். இந்தக் கணக்கில் உங்கள் அலுவலக இளைஞர்களோடுகூட நீங்கள் சமமாக நிற்கலாம். கையில் இருக்கும் புள்ளியை இழக்கக் கூடாது என்ற பதைப்பு, புதிதாகச் சம்பாதிக்கும் ஆசையைவிட வேகமாக ஆளைச் செருப்பு மாட்ட வைக்கும்.

இதோடு ஒப்பிட்டால் உங்கள் அலுவலகப் போட்டி வெறும் ஸ்டெப் எண்ணிக்கை. வயதும் உடல்வாகும் ஓய்வு நேரமும்தான் அதில் பாதி வெற்றியைத் தீர்மானிக்கின்றன. உழைப்பால் மாற்ற முடியாத ஒன்றில் தினமும் தோற்றால் யாராக இருந்தாலும் செயலியை மூடிவிடுவார்கள். ஆள் எண்ணிக்கையும் ஒரு பிரச்சினை. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு சின்ன வினாத்தாள் கொடுத்தார்கள். விரைவாக முடிக்கும் முதல் 20 சதவீதத்தினருக்குப் பரிசு. போட்டியிடுவது 10 பேர் என்று நினைத்தவர்கள், 100 பேர் என்று நினைத்தவர்களைவிட வேகமாக முடித்தார்கள். பரிசு கிடைக்கும் வாய்ப்பு இரண்டிலும் ஒன்றுதான். இருந்தாலும் கூட்டம் பெரிதானதும் எதிராளியின் முகம் மங்கிவிடுகிறது, வேகமும் குறைகிறது.

யாரை எதிராளியாகத் தேர்ந்தெடுப்பது? உங்களைவிடக் கொஞ்சம் மேலே இருப்பவரை. கொஞ்சம்தான். 1920-களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பெர்லினில் ஒரு படகோட்டக் கழகத்தினரை வைத்து இதைச் சோதித்தார். எடையைக் கையால் தூக்கித் தூக்கி இறக்கும் வேலை. முதலில் தனியாக, பிறகு இருவர் சேர்ந்து ஒரே கம்பியைப் பிடித்து. ஒருவர் கைவிட்டால் இன்னொருவராலும் தொடர முடியாது. அப்போது வலு குறைந்தவர் தனியாகச் செய்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவருக்கும் இடையே வலுவில் மிதமான வித்தியாசம் இருந்தபோது இந்தப் பலன் உச்சத்தில் இருந்தது. ரொம்பச் சமமாக இருந்தாலும் சரி, மலைக்கும் மடுவுக்குமாக இருந்தாலும் சரி, பலன் குறைந்தது.

2012-ல் வெளியான ஓர் ஆய்வில் இதையே உடற்பயிற்சி சைக்கிளில் செய்து பார்த்தார்கள். தனியாக மிதித்த பெண்கள் சராசரியாக ஏறக்குறைய 11 நிமிடம் தாங்கினார்கள். திரையில் தங்களைவிடச் சற்றுத் திறமையான ஒரு கூட்டாளி தெரிய, 'உங்கள் இருவரில் யார் முதலில் நிறுத்துகிறாரோ அவருடைய நேரம்தான் குழுவின் நேரம்' என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய 22 நிமிடம் மிதித்தார்கள். அந்தக் கூட்டாளி முன்பே எடுத்துவைத்த வீடியோ என்பது அவர்களுக்குத் தெரியாது. நம்மால் இன்னொருவரின் கணக்கு கெடக் கூடாது என்ற எண்ணத்துக்கு இவ்வளவு வலு.

இதை உங்கள் குழுவில் ஜோடி சேரும் இருவருக்கு எடுத்துக்கொண்டால் ஒரு விதி கிடைக்கும்: இரண்டு பேரும் அவரவர் இலக்கைத் தொட்டால்தான் அந்த நாள் கணக்கில் சேரும். அதற்குப் பதிலாக, 'எல்லாருடைய ஸ்டெப்பையும் கூட்டி மொத்தமாக ஒரு லட்சம் ஆக்குவோம்' என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்ளாதீர்கள். மேக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913-ல் வெளியிட்ட கயிறு இழுக்கும் சோதனைகளிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. கயிற்றில் ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது தலைக்குப் பாதி அளவுதான் தேறியது. ஒருவரையொருவர் இடித்துக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் 'நான் இழுக்காவிட்டால் யாருக்குத் தெரியும்' என்பதும் உண்மைதான் என்று பிற்காலச் சோதனைகள் காட்டின.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்வது போதாதா என்றால், போதாது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் 790 பேரைக் கொண்டு 11 வாரம் ஒரு சோதனை நடத்தினார்கள். மற்றவர்கள் எத்தனை வகுப்புக்கு வந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தவர்கள், ஒன்றுமே இல்லாமல் விடப்பட்டவர்களைவிட 90 சதவீதம் அதிகமாக உடற்பயிற்சி வகுப்புக்கு வந்தார்கள். பேசி ஊக்கப்படுத்திக்கொள்ள மட்டும் வசதி கொடுக்கப்பட்ட குழுக்களோ, ஒன்றுமே இல்லாதவர்களைவிடவும் கொஞ்சம் பின்தங்கின. ஊக்கப் பேச்சுக் குழுவில் வராதவர்களும் சகஜமாகிவிடுகிறார்கள். போட்டிக் குழுவில் வருகிறவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நமக்கெல்லாம் இது புரியாததா? 'இன்று முடியவில்லை நண்பர்களே' என்று ஒருவர் போட்டால் உடனே ஆறு பேர் 'பரவாயில்லை, ஓய்வும் முக்கியம்' என்று எழுதுவார்கள். ஏழாவது ஆளும் அன்று வீட்டில்தான்.

சரி, மனைவி விஷயத்துக்கு வருவோம். மெதுவாக நடப்பவரோடு நடந்தால் உங்களுக்குப் பயன் இல்லை என்கிறீர்கள். 11 லட்சம் ஓட்டக்காரர்களின் ஐந்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. குறைவாக ஓடும் நண்பர் அன்று கொஞ்சம் கூடுதலாக ஓடினால், அது அதிகமாக ஓடுபவரையும் உசுப்பிவிடுகிறது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை அந்த அளவுக்கு அசைப்பதில்லை. பின்னால் வருபவர் நெருங்குகிறார் என்றால்தான் நமக்குக் கால் வேகமாகும் போலிருக்கிறது. உங்கள் அலுவலகத்து 20,000 ஸ்டெப் இளைஞர்களால் முடியாததை உங்கள் மனைவியால் செய்ய முடியும்.

எப்படி? வேகம் வேறுபட்ட இருவருக்கு நான் எப்போதும் சொல்லும் ஏற்பாடு ஒன்று உண்டு. இருவரும் ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் ஒரே திசையில் கிளம்புங்கள். அவரவர் வேகத்தில் அவரவர் நடக்க வேண்டும். காத்திருக்கவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். சரியாக 15 நிமிடம் ஆனதும், எங்கே இருந்தாலும், இருவரும் திரும்பி நடக்க வேண்டும். நீங்கள் தூரமாகப் போயிருப்பீர்கள், அவர் கிட்டத்தில் இருப்பார். திரும்பும்போது அவர் முன்னால், நீங்கள் பின்னால். போன வேகத்திலேயே இருவரும் திரும்பினால் கிளம்பிய இடத்துக்கு 30-ஆவது நிமிடத்தில் ஒன்றாக வந்து சேர்வீர்கள். யார் வழியில் தளர்ந்தாரோ அவர் பிந்துவார். வேகமாக நடப்பவருக்கு இதில் எந்தச் சலுகையும் இல்லை, மெதுவாக நடப்பவருக்கு எந்தக் குறையும் இல்லை. ஆரம்பத்தில் வீராப்பாக அடித்துப் போனவர் திரும்பும்போது மூச்சு வாங்கி மாட்டிக்கொள்வார், அது பெரும்பாலும் கணவர்தான் என்பதையும் எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன். ஓடுகிறவரும் நடக்கிறவரும், அப்பாவும் மகளும், முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து தேறியவரும் அவருடைய தம்பியும் என்று யாரும் இப்படிப் போட்டி போடலாம்.

வாரத்தில் மூன்று நாள் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு நாள் போட்டியே இல்லாமல் அவர் வேகத்தில் பேசிக்கொண்டே நடங்கள். போட்டியில்லாத இந்த நாட்களை வீண் என்று நினைக்க வேண்டாம். 1981-ல் வெளியான ஒரு சோதனையில் புதிர்களை அவிழ்க்கச் சொன்னார்கள். பக்கத்தில் இருப்பவரை ஜெயிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள், சோதனை முடிந்து சும்மா இருந்த நேரத்தில் அந்தப் புதிரை அதிகம் தொடவில்லை. ஜெயிக்கச் சொல்லப்படாதவர்கள் விருப்பத்தோடு தொடர்ந்தார்கள். நடப்பதே பிடித்துப் போவதற்கும் வாரத்தில் இடம் வேண்டும். இன்னொன்று, போட்டி வைப்பதற்கு முன் மனைவிக்கு அதில் விருப்பமா என்று கேட்டுவிடுங்கள். சிலருக்கு மாலை நடை என்பது பேச்சுத் துணை மட்டும்தான். அதையும் பந்தயமாக்கினால் அடுத்த வாரம் நீங்கள் மறுபடி தனியாகத்தான் நடப்பீர்கள்.

எவ்வளவு நடந்தால் போதும்? 10,000 என்ற எண் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வந்ததல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஸ்டெப் எண்ணும் கருவி ஒன்றின் விளம்பரத்தால் பரவியது. 15 ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளியான கணக்குப்படி, 60 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 ஸ்டெப் வரை ஆயுளுக்கான பலன் கூடிக்கொண்டே போகிறது. அதற்கு மேல் பெரிதாகக் கூடுவதில்லை. நீங்கள் ஏற்கெனவே 9,000 நடந்திருக்கிறீர்கள். 20,000 அந்த இளைஞர்களுக்குப் பொழுதுபோக்கு, உங்களுக்கு மருத்துவ அவசியம் எதுவும் இல்லை. நேரக் கணக்கில் பார்த்தால் உலக சுகாதார அமைப்பு சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி. மிதம் என்றால் பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம்.

முழங்காலைப் பொறுத்தவரை, 4,000-லிருந்து ஒரே மாதத்தில் 9,000, அதன் மேல் இரவு நடை என்று சுமை திடீரென்று கூடியதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். இப்போது நடை நின்றிருப்பதால் 9,000-லிருந்து தொடங்காதீர்கள். ஒரு வாரம் சாதாரணமாக இருந்து, வருகிற சராசரியைப் பாருங்கள். அதோடு 1,500 கூட்டி முதல் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500, 500 ஆக ஏற்றலாம். நடக்கும்போது லேசாக வலித்து மறுநாள் காலைக்குள் போய்விட்டால் தொடரலாம். மறுநாளும் வலி இருந்தால் சுமை அதிகம், குறையுங்கள். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழும் பயிற்சியை வாரம் இரண்டு நாள் செய்தால் தொடைத் தசை வலுப்பட்டு முழங்காலுக்குச் சுமை குறையும். மூட்டில் வீக்கம், மடக்கும்போது சிக்கிக்கொள்வது, கால் திடீரென்று நழுவுவது, படுத்திருக்கும்போதே வலி, இவற்றில் ஏதாவது இருந்தால் நடையைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால் அன்றைய புள்ளியை மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அலுவலகக் குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேற வேண்டாம். பட்டியலில் உங்களுக்கு மேலே 9, 10-ஆம் இடத்தில் இருப்பவர்களிடம் போய்ப் பேசுங்கள். அவர்களும் அநேகமாகச் செயலியைத் திறக்காமல்தான் இருப்பார்கள். மூன்று பேரும் தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் இலக்கு, வாரத்துக்கு 70 புள்ளி, தவறிய நாளுக்கு 10 கழிவு. உடம்பு சரியில்லாத நாளுக்குக் கழிவு கிடையாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காய்ச்சலோடு நடக்க ஒருவர் கிளம்பிவிடுவார். ஞாயிறு இரவு கணக்கைப் பார்த்தால் போதும், மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டாம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மூவரும் உட்கார்ந்து இலக்குகளைத் திருத்துங்கள். ஒருவரே தொடர்ந்து 70-க்கு 70 வாங்கினால் அவர் இலக்கை உயர்த்த வேண்டும். மறுத்தால், நான்காவதாக ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, மறுத்தவரை அந்த 20,000 இளைஞர்களிடம் அனுப்பிவிடுங்கள்.